உடற்பயிற்சிக் கூட மாஸ்டர்களுக்கு: கிரியேட்டின் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாஸ்டர்களுக்கு,

உங்கள் கூடத்துக்கு வருகிற பையன்களின் ரத்தம் என்னிடம் வருகிறது. நமக்குள் உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் ஒரு மடல் எழுத அது போதும் என்று நினைக்கிறேன்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் மருத்துவன் நான். சிறுநீரகப் பரிசோதனை என்றால் முன்பெல்லாம் சர்க்கரைக்காரர்களும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும்தான் வருவார்கள். இப்போது 22 வயதுப் பையன் வருகிறான். ஊசி குத்த நரம்பைத் தேடவே வேண்டாம். கையில் கட்டுப் போடுமுன்பே எழும்பி நிற்கும். "கிரியாட்டினின் மட்டும் பார்த்தா போதும் சார்" என்பான். வீட்டில் கிரியேட்டின் பொடி டப்பாவைப் பார்த்துவிட்டார்களாம். கிட்னி போய்விடும் என்று அம்மா அழுகிறாராம். யார் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தாய் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: மாஸ்டர்.

ஆகவேதான் அந்தப் பையன்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் சொல்வதை அவன் படியிறங்கும்போதே மறந்துவிடுவான். நீங்கள் சொன்னால் காலை 5 மணிக்கு எழுந்து ஆறு முட்டையின் வெள்ளைக்கருவை உப்புகூடப் போடாமல் விழுங்குவான். எந்தப் பொடியை எவ்வளவு, எதோடு, எத்தனை நாள் என்பதைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் முடிவுசெய்வது டாக்டரோ டயட்டீஷியனோ அல்ல, நீங்கள்தான்.

என் குறை இதுதான். உங்கள் கூடங்களில் பயமும் நம்பிக்கையும் இடம்மாறி உட்கார்ந்திருக்கின்றன. முப்பது வருஷத்துக்கு மேலாக ஆராய்ந்து பார்த்த, வேலை செய்கிற, விலை குறைந்த கிரியேட்டினைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பெயர் தெரியாத 'ஃபேட் பர்னர்' மாத்திரையையும் லேபிள் கிழித்த ஊசிக் குப்பியையும் பயமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். கிட்னி பரிசோதனைக்கு வந்து நிற்கும் அதே பையன், ஹார்மோன் ஊசி போட்டதை நாலு முறை கேட்ட பிறகுதான் சொல்கிறான்.

கிரியேட்டின் ஏதோ ஆலையில் கண்டுபிடித்த ரசாயனம் என்று பலர் நினைக்கிறார்கள். 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரூல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. 1847-இல் ஜெர்மனியின் யூஸ்டஸ் ஃபான் லீபிக் ஒரு வேடிக்கையான கணக்கைப் பதிவு செய்தார்: வேட்டையில் துரத்திக் கொல்லப்பட்ட காட்டு நரிகளின் தசையில், கூண்டில் வளர்ந்த நரிகளுக்கு இருப்பதைவிடப் பத்து மடங்கு கிரியேட்டின் இருந்ததாம். ஓடுகிற தசைக்கும் இந்தப் பொருளுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பது அப்போதே புரிந்துவிட்டது.

நம் உடம்பே தினமும் சுமார் ஒரு கிராம் தயாரித்துக்கொள்கிறது. சிறுநீரகத்தில் தொடங்கி கல்லீரலில் முடிகிற வேலை. மூலப்பொருள் மூன்று அமினோ அமிலங்கள். மீதி மீனிலிருந்தும் கறியிலிருந்தும் வருகிறது. 70 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பில் 120 கிராம் அளவு இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தசையில். பச்சை மீனோ கறியோ ஒரு கிலோவுக்கு 4, 5 கிராம்தான் தேறும், சமைத்தால் அதிலும் கொஞ்சம் குறையும். பாலில் கிட்டத்தட்ட இல்லை, பருப்பில் அறவே இல்லை. சைவம் சாப்பிடும் பையன்களின் தசையில் இருப்பு குறைவாக இருப்பதும், பொடி எடுத்தால் அவர்களுக்குப் பலன் தூக்கலாகத் தெரிவதும் இதனால்தான். டப்பாவில் உள்ளது ஆலையில் செயற்கையாகச் செய்வது; எந்த மிருகத்திலிருந்தும் எடுப்பதல்ல. ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் பையன் கேட்டால் தயங்காமல் சொல்லலாம். கேப்சூலாக இருந்தால் மட்டும் மேலுறை ஜெலட்டினா என்று பார்க்க வேண்டும்.

அது செய்கிற வேலை என்ன? தசை சுருங்கச் செலவாகும் ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள், முழு வேகத்தில் இயங்கினால் இரண்டு மூன்று நொடிக்குத்தான் தாங்கும். உடனே யாராவது கைமாற்றுத் தர வேண்டும். தசையில் பாஸ்பேட்டோடு காத்திருக்கும் கிரியேட்டின்தான் அந்தக் கைமாற்றைத் தருவது. அதன் கையிருப்பும் பத்து நொடி அளவில் கரைந்துவிடும். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அப்போது திரும்ப நிரம்பும். பொடி சாப்பிட்டால் இந்தக் கையிருப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் எட்டாவது ரெப்போடு கை நடுங்கி நின்றவன் ஒன்பதாவதையும் போடுகிறான். மாதக்கணக்கில் அந்த ஒன்றிரண்டு ரெப் சேர்ந்துதான் தசையாகிறது. பொடி தானாகத் தசையைக் கட்டுவதில்லை. பயிற்சிக்கு வராதவன் டப்பா டப்பாவாகத் தின்றாலும் உடம்பில் கொஞ்சம் தண்ணீர்தான் ஏறும்.

போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பையன்கள் விஷயத்தில் இது முக்கியம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று உங்களிடம் வருகிறான். அவனுக்கு இந்தப் பொடி பெரிதாக உதவாது. நிமிடக்கணக்கில் ஓடும் ஓட்டத்துக்குச் சக்தி வேறு வழியில் வருகிறது. போதாததற்கு முதல் வாரத்திலேயே உடம்பில் ஒன்றிரண்டு கிலோ கூடும். அது கொழுப்பல்ல, தசைக்குள் போகும் தண்ணீர்தான். ஆனால் கயிறு ஏறும்போது அதையும் சேர்த்துத்தானே தூக்க வேண்டும்? 100 மீட்டர், நீளம் தாண்டுதல், பளு தூக்குதல், கபடி போன்றவற்றுக்குத் தயாராகிறவனுக்கு உபயோகம் உண்டு. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிதாக ஆரம்பித்துவைக்காதீர்கள்.

அளவுக்கு வருகிறேன். உங்களில் பலர் 'லோடிங்' என்று முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் கொடுக்கிறீர்கள். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ரோஜர் ஹாரிஸும் எரிக் ஹல்ட்மானும் சேர்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில் 5 கிராம் வீதம் நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை கொடுத்துத்தான் தசையில் இருப்பு ஏறுவதைக் காட்டினார்கள். அதே வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வாங்கிய லின்ஃபோர்டு கிறிஸ்டி கிரியேட்டின் எடுத்தார் என்று பத்திரிகைகள் எழுத, பொடிக்கு உலகம் முழுக்கச் சந்தை உண்டாயிற்று. ஆனால் 1996-இல் அதே ஹல்ட்மான் குழு இன்னொன்றையும் காட்டியது: நாளுக்கு 20 கிராம் வீதம் 6 நாள் எடுத்தாலும், வெறும் 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தாலும் தசை போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். இந்த இரண்டாவது ஆய்வு ஏனோ டப்பாக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 20 கிராம் எடுக்கிறவன் வயிறு உப்பி, பேதியாகி, இரண்டாம் நாள் கூடத்துக்கே வரமாட்டான். அவசரம் என்ன? நாளுக்கு 3 முதல் 5 கிராம், தினமும், பயிற்சி இல்லாத நாளிலும். காலையா மாலையா என்பது பெரிய விஷயமல்ல. மறக்காமல் இருப்பதுதான் விஷயம்.

குளிர்ந்த தண்ணீரில் இந்தப் பொடி நன்றாகக் கரையாது. ஒரு டம்ளரில் 5 கிராம் போட்டுக் கலக்கினால் அடியில் மணல் போலத் தங்கும். பையன்கள் மேலே உள்ளதைக் குடித்துவிட்டு அடியில் இருப்பதைக் கழுவி ஊற்றிவிடுகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, அடிவண்டலையும் சேர்த்துக் குடிக்கச் சொல்லுங்கள். ஆனால் இரவே கரைத்து ஷேக்கரில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. தண்ணீரில், அதிலும் புளிப்பான ஜூஸில், கிடக்கக் கிடக்க அது மெல்ல மெல்லக் கழிவுப் பொருளாக மாறிவிடும். பாட்டிலில் திரவமாக அடைத்து விற்கிற கிரியேட்டினை நான் நம்பாததும் இதனால்தான்.

ஹைட்ரோகுளோரைடு, நைட்ரேட், எத்தில் எஸ்டர், பஃபர்டு என்று விதவிதமான பெயர்களில் மூன்று மடங்கு விலைக்கு வருகின்றன. சாதாரண மோனோஹைட்ரேட்டைவிட இவற்றில் ஒன்றுகூட மேல் என்று நிரூபணமாகவில்லை. எத்தில் எஸ்டரை 2009-இல் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது மோனோஹைட்ரேட்டுக்குக் கீழேதான் இருந்தது. மோனோஹைட்ரேட் ஒரு நாள் செலவு ஒரு டீ விலைக்குப் பக்கத்தில்தான் வரும். உங்களுக்குக் கிடைக்கிற கமிஷன் அதில் குறைவு என்பது எனக்கும் தெரியும்.

இனி கிட்னி. என் தொழில் சம்பந்தப்பட்டதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

தசையில் உள்ள கிரியேட்டினில் தினமும் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு தானாகவே கிரியாட்டினினாக மாறி ரத்தத்துக்கு வந்து, சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் பழுதானால் அது வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் அதை அளந்து சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்கிறோம். ஆனால் உற்பத்தியே அதிகமானாலும் ரத்தத்தில் அளவு ஏறுமல்லவா? தசை நிறைய இருந்தால் ஏறும். பொடி சாப்பிட்டால் சிறிது ஏறும். முந்தின இரவு அரைக் கிலோ கறி தின்றாலும் ஏறும். ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 22 வயது ஆண், கிரியாட்டினின் 1.0 என்றால், இப்போது நாங்கள் பயன்படுத்தும் சூத்திரம் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை 109 என்று காட்டும். அதே பையனுக்கு 1.4 என்று வந்தால் 73 என்று காட்டும். 90-க்குக் கீழே என்பதால் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் அச்சாகும். பையன் அதைச் செல்போனில் தேடுவான். இரண்டு நிமிஷத்தில் டயாலிசிஸ் படங்கள் வந்துவிடும். அவன் சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் இல்லாமலே இருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சிஸ்டாட்டின் சி என்று ஒரு பரிசோதனை; தசையின் பருமனோ இந்தப் பொடியோ அதைப் பாதிப்பதில்லை. செலவு கொஞ்சம் கூடுதல், எல்லா ஊரிலும் செய்யமாட்டார்கள், பெரிய லேப்களுக்கு அனுப்பி வாங்கலாம். கூடவே சிறுநீரில் அல்புமின் போகிறதா என்றும், ரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் தெளிவு பிறந்துவிடும். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'அதெல்லாம் பொடியால வர்றது, கண்டுக்காத' என்று சிலர் எல்லாவற்றையும் தள்ளிவிடுவதையும் பார்க்கிறேன். 3 கிராம், 5 கிராம் பொடி கிரியாட்டினினை 2-க்கு மேல் கொண்டுபோகாது. சிறுநீரில் புரதம் போவதும், 22 வயதில் 150-க்கு மேல் ரத்த அழுத்தம் இருப்பதும் பொடியின் வேலையல்ல. அப்படி வந்தால் அன்றே சிறுநீரக மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்றால், 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரே ஒரு நோயாளியின் கதையிலிருந்து. 25 வயது இளைஞர். ஏற்கெனவே பல வருஷமாகச் சிறுநீரக நோய் இருந்தது. அதற்காக சைக்ளோஸ்போரின் என்ற கடுமையான மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார். கிரியேட்டின் சாப்பிட ஆரம்பித்ததும் அளவுகள் மோசமாகின, நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தன. ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டவர் இதைத் தொடக் கூடாது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் செய்தி பரவும்போது முதல் பாதி உதிர்ந்துவிட்டது.

மறுபக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்க்கின்சன் நோயாளிகள் 1,741 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு இருக்கிறது. பாதிப் பேருக்குத் தினமும் 10 கிராம், உங்கள் பையன்கள் எடுப்பதைப்போல் இரண்டு மடங்கு, வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். பலர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2015-இல் முடிவு வெளியானது. நோய்க்குப் பலன் ஒன்றும் இல்லை. அந்த வகையில் ஏமாற்றம்தான். ஆனால் ஒப்பீட்டுக்காக வெற்றுப் பொடி சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குக் கெடுதல் அதிகமாகவும் இல்லை. பொடி பாதுகாப்பானதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தோற்றுப்போன ஆய்வைத்தான்.

ஆக, நல்ல உடல்நலம் உள்ள வயதுவந்தவருக்கு 3 முதல் 5 கிராம் பயப்பட வேண்டியதல்ல. யாருக்கு வேண்டாம் என்பதை உங்கள் சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டுவிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நீர்க்கட்டி நோய் வந்தவர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவர் பார்க்காமல் தொடக் கூடாது. பள்ளிப் பையன்களுக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குள் வேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது. பதினைந்து வயதில் வளர வேண்டியதெல்லாம் சோறும் முட்டையும் தூக்கமும் கொடுத்தாலே வளரும். முட்டி வலிக்கிறது, தோள் பிடித்துக்கொண்டது என்று தினமும் டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டே பயிற்சி செய்கிறவர்களையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பொடியைவிட அந்த வலி மாத்திரைதான் சிறுநீரகத்துக்கு ஆகாதது. அதை யாரும் பயந்து என்னிடம் வந்து கேட்டதில்லை!

பொடி எடுத்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும், தசைப்பிடிப்பு வரும், நம் ஊர் வெயிலுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் அடுத்தடுத்து இறந்தபோது கிரியேட்டின் மேல்தான் முதலில் பழி விழுந்தது. விசாரித்தால், எடைப்பிரிவுக்குள் வருவதற்காகத் தண்ணீர் குடிக்காமல், ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு, சூடேற்றிய அறையில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்திருக்கிறார்கள். சூடும் நீர்வறட்சியும்தான் கொன்றன. பிற்பாடு வந்த ஆய்வுகளில் பொடி எடுத்த வீரர்களுக்குப் பிடிப்பு கூடவில்லை. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடக்கும் பயிற்சியைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முடி கொட்டும் என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். 2009-இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் முடி உதிர்வோடு தொடர்புள்ள ஒரு ஹார்மோன் ஏறியதாக வந்த ஒற்றை ஆய்வுதான் மூலம். அதில் முடியை யாரும் எண்ணவே இல்லை. 2025-இல் வெளிவந்த ஆய்வில் பன்னிரண்டு வாரம் முடியையே அளந்து பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? என் மேஜைக்கு வருவதிலிருந்தே சொல்கிறேன். 24 வயதில் ஹீமோகுளோபின் 18-ஐத் தாண்டி, நல்ல கொழுப்பு இருபதுக்குக் கீழே போய், கல்லீரல் நொதிகள் எகிறிய ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஊசியும் மாத்திரையுமாக ஒரு 'சைக்கிள்' ஓடுகிறது என்று கேட்காமலே புரிந்துவிடும். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து விந்துப் பரிசோதனைக்கு வருகிறார்கள். கண்ணாடித் தகட்டில் ஒன்றுகூடத் தென்படாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விரை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. நிறுத்திய பிறகும் திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷம் ஆகும். ஆணழகன் போட்டிக்கு முந்தின நாள் தோலை வற்றவைக்க நீர் இறக்கும் மாத்திரை போட்டு, பொட்டாசியம் சரிந்து, மேடைக்குப் பதில் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. அறுவை அரங்கில் விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்க மயக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் மெஃபென்டெர்மைனைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் போட்டுக்கொள்கிறார்கள். இதயம் படபடத்து, தூக்கம் கெட்டு, மனம் பேதலிக்கும்வரை கொண்டுபோய் விடும் மருந்து அது. உங்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். செய்கிறவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது பயம், டப்பாவுக்குள் இருப்பது டப்பாவில் எழுதியிருப்பதுதானா என்பது. 2024-இல் கேரள மருத்துவர்கள் குழு நம் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து வெளியிட்டது. பத்தில் ஏழு பங்கு பொடிகளில் புரதத்தின் அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பாதிதான் இருந்தது. ஏறக்குறைய 14 சதவீதப் பொடிகளில் பூஞ்சை நச்சு இருந்தது. அது புரதப் பொடி, கிரியேட்டின் அல்ல. ஆனால் அதே கடை, அதே டப்பா, அதே ஆட்கள். கிரியேட்டினைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் தயாரிப்பின் மிச்ச ரசாயனங்கள் தங்கிவிடும். ஆகவே பெரிய மூட்டையிலிருந்து பாலிதீன் கவரில் அள்ளிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முத்திரை பிரிக்காத டப்பா, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண் இருக்க வேண்டும். பொருட்பட்டியலில் 'கிரியேட்டின் மோனோஹைட்ரேட்' என்ற ஒன்று மட்டும் இருக்க வேண்டும். கூடவே ஏழெட்டுப் பொருள் சேர்த்து 'சிறப்புக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால், எது எவ்வளவு என்று அவர்கள் சொல்ல விரும்பவில்லை என்று அர்த்தம். மாநில, தேசியப் போட்டிக்குப் போகும் பையன்களுக்கு இது இன்னும் முக்கியம். கிரியேட்டின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. அதோடு கலந்துவிட்ட வேறொன்று இருக்கலாம். மாட்டினால் 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று வளர்ந்த பழைய தேகப்பயிற்சிச் சாலைகளில் இதெல்லாம் இல்லையே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். அதற்காகப் பொடியே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லப்போனால், இந்தப் பொடியால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களை நீங்கள் இன்னும் உள்ளேயே விடவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் தசை வற்ற ஆரம்பித்து, நாற்காலியிலிருந்து எழக் கையூன்றுகிற அம்மாக்களையும் அப்பாக்களையும்தான் சொல்கிறேன். எடைப் பயிற்சியோடு கிரியேட்டினும் எடுத்த முதியவர்களை வைத்து நடந்த 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தசை சேர்ந்திருந்தது. எலும்பு பலமாகும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை; மாதவிடாய் நின்ற பெண்கள் 237 பேரிடம் இரண்டு வருஷம் பார்த்தும் எலும்பு அடர்த்தியில் மாற்றம் இல்லை. ஞாபகசக்தி பெருகும் என்று இப்போது கிளம்பியிருக்கும் விளம்பரத்தையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் ஏற்க மறுத்துவிட்டது. தசைக்கு மட்டும், பயிற்சியோடு மட்டும், சர்க்கரையும் சிறுநீரகமும் பார்த்த பிறகு மட்டும். காலை பத்து மணிக்குமேல் உங்கள் கூடம் காலியாகத்தானே கிடக்கிறது?

கடைசியாக ஒரு காரியம் கேட்கிறேன். பையனைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது கடுமையான லெக் டே முடிந்த மறுநாள் அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஓய்வு விட்டு அனுப்புங்கள். முந்தின இரவு கறி வேண்டாம். கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிடுங்கள். கிரியேட்டின் எத்தனை கிராம், எத்தனை மாதமாக, கடைசியாக என்றைக்குப் பயிற்சி செய்தான், வேறு என்ன மாத்திரை, வேறு என்ன ஊசி என்று எழுதியிருந்தால் போதும். உங்கள் பெயரோ கூடத்தின் பெயரோ வேண்டாம். கடைசி இரண்டு கேள்விக்கும் உண்மையான பதில் மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பையன்களுக்கு ரத்தம் எடுக்கும் ஒரு மருத்துவன்